காலி வீட்டுக் கீரை

வேலிக்காரர் என்றுதான் அவரைச் சொல்வோம். ரப்பர் தோட்டத்து எல்லையில் முள்கம்பி இழுத்துக் கட்டுவதும் மாடு புகுந்த இடத்தை அடைப்பதும் அவர் வேலை. பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. முறுக்கிய கம்பி ஒன்று தெறித்து அவற்றைக் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த மூன்று விரலால் அவர் கம்பி முறுக்குவதைப் பார்த்தால் பத்து விரலும் வைத்திருக்கிற நமக்கு வெட்கமாக இருக்கும்.

ஓர் இடம் காலியாகக் கிடந்தால் அவருக்குப் பொறுக்காது. எங்கள் லயம் தூண்மேல் நிற்கும் பலகை வீடுகள், ஒரே வரிசையாக எட்டு. வீட்டுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு ஒரு நடை, அதற்குப் பெயரே அஞ்சடி. அதன் ஓரமாக இடுப்பளவுக்கு மரக் கிராதி. நாங்கள் அந்தக் கிராதியில் துணி காயப்போடுவோம், சாய்ந்துகொண்டு வம்பு பேசுவோம். வேலிக்காரர் அதைச் சாண் போட்டு அளப்பார். "ரெண்டு சாணுக்கு ஒண்ணு தொங்கவுட்டா ஏழு வரும். அடியில இன்னொரு ஏழு," என்பார். என்னத்துக்கு அண்ணே என்று கேட்டால், "இருக்கட்டும்," என்பார். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் கொடுத்த பதில் அந்த ஒரு சொல்தான். மழைக்காலத்தில் என் வீட்டுப் படியைப் பிடுங்கி வேறு பக்கம் வைத்தபோதும் அதையே சொன்னார். நான் கத்தித் தீர்த்தேன். பழைய படி இருந்த இடத்தில் மண் சரிந்தது மறு வாரம்தான். அப்போதும் அவர் வந்து, பார்த்தாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், பால்வெட்டு நின்றது. லயத்தைச் சுற்றிப் படிக்கட்டு வரைக்கும் கொத்தி மரவள்ளி போடச் சொல்லி உத்தரவு வந்தது. போட்டோம். கிழங்கு அவர்களுக்குப் போகும், அதில் எங்களுக்கு அளந்து கொடுப்பார்கள். எங்களுக்கென்று கோழி கிளறக்கூட ஒரு பிடி மண் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் வேலிக்காரரின் கிராதிப் பைத்தியத்துக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது.

மரத்தில் பால் ஏந்தும் மங்குகள் ஸ்டோருக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. அவற்றில் புதினா வைத்தார். பெரிய மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, கணுவுக்கு ஒரு துளை போட்டு, கம்பியால் கிராதியில் கட்டித் தண்டுக்கீரை விதைத்தார். மண்ணெண்ணெய் டின்னை இரண்டாக வெட்டிப் பசலை. ஆற்று மண்ணோடு அடுப்புச் சாம்பலும் ரப்பர் சருகும் சேர்ப்பார். மேல்வரிசைத் துளைக்கு நேர்கீழே கீழ்வரிசை. அரிசி கழுவிய தண்ணீரை மேலே ஊற்றினால் அது சொட்டிச் சொட்டிக் கீழேயும் நனைக்கும். அரிசிதான் இல்லை, கிழங்கு கழுவிய தண்ணீர். துரை பங்களாவில் கட்டிலுக்கடியில் வைத்திருந்த பூப்போட்ட பீங்கான் சட்டி ஒன்றையும் எங்கிருந்தோ தூக்கிவந்து கொத்தமல்லி போட்டார். அது எதற்கான சட்டி என்று லயம் முழுக்கத் தெரியும். கொத்தமல்லி அமோகமாக வந்தது, அவரைத் தவிர யாரும் தொடவில்லை.

மூன்றே மாதத்தில் பிள்ளைகளின் வாய்ப்புண் ஆறியது. கால்வீக்கம் வடிந்தது. வெறும் மரவள்ளியைத் தின்று வெளுத்துப்போன முகங்களில் கொஞ்சம் ரத்தம் ஏறியது. அவருடைய கோணல் புத்தியை லயம் பொறுத்துக்கொண்டதற்கு அது ஒன்றே போதும்.

எனக்கு அப்போது ஒரே ஒரு பயம்தான் இருந்தது. சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலை. லாரி வரும், இரண்டு சிப்பாய்களும் கங்காணி மாதிரி ஒரு மண்டோரும் இறங்குவார்கள், கையில் கிடைக்கிற ஆம்பிளையை ஏற்றிக்கொண்டு போவார்கள். போனவர் திரும்பியதில்லை. விரல் குறைந்த கை என்று வேலிக்காரரை மட்டும் தொடமாட்டார்கள். ரோட்டை ஒட்டிய முதல் மூன்று வீடுகளும் அப்படித்தான் காலியாயின. ஒன்றில் அப்பனும் மகனும். ஒன்றில் புருஷன் போனதும் பெண்டாட்டி அம்பாங்கானில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாள். மூன்றாவதில் தனியாட்கள் நான்கு பேர், ஒரே நாளில் நாலு பேரும். அடுத்த வீடு நாங்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம், பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரரை லாரி கொண்டுபோகக் கூடாது. காலையில் எழுந்தால் அதை நினைப்பேன், அடுப்பூதும்போது நினைப்பேன், வேறு எதையும் உருப்படியாக நினைத்ததில்லை.

வேலிக்காரர் எங்களுக்கு அடுத்த வீடு. அதற்கும் அடுத்த வீட்டில் ஓர் அக்காவும் அவளுடைய இரண்டு வாலிப மகன்களும். அதற்கப்பால் இருந்த இரண்டு வீட்டிலும் ஆம்பிளைகள் உண்டு.

ஆள் இருந்த ஐந்து வீட்டுக் கிராதியிலும் பச்சை தொங்கிக்கொண்டிருந்தபோது, வேலிக்காரருக்குத் திடீரென்று வேறு கோட்டி பிடித்தது. ஆள் போன முதல் மூன்று வீடுகளுக்குத் தொட்டிகளைக் கொண்டுபோய் மாட்ட ஆரம்பித்தார். புதிதாகச் செய்து மாட்டினால் பரவாயில்லை. அக்கா வீட்டிலிருந்து அவிழ்த்தார், கடைசி வீடுகளிலிருந்து அவிழ்த்தார், பிறகு எங்கள் வீட்டிலிருந்து. எங்கள் கிராதிகள் மொட்டையாயின. யாருமில்லாத வீடுகளில் பசலை கிராதியைத் தாண்டித் தூணில் இறங்கியது.

கீரையோடு நிற்கவில்லை. காலையில் அந்த வீடுகளுக்குள் போய் அடுப்பு மூட்டிப் புகை போடுவார். போனவர்கள் விட்டுவிட்டுப் போன கைலிச் சாரத்தை நனைத்து அஞ்சடியில் காயப்போடுவார். பொழுது சாயும்போது எடுத்து மடித்து உள்ளே வைப்பார். வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சத்தமாக ஏதாவது சொல்லிவிட்டு இறங்குவார். உள்ளே யார் இருக்கிறார்கள் சொல்ல? முதல்முறை அதைப் பார்த்த அன்று நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். நனைந்த சாரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அதைக் கட்டியிருந்தவர் சயாமில் செத்தாரா இருக்கிறாரா என்று தெரியாது.

"அந்தாளுகிட்ட வச்சிக்காத," என்றாள் அக்கா. "செத்தவங்களுக்கு ஆக்கிப் போடுறாருலா. நான் என் கண்ணால பார்த்தேன்."

"அப்ப அந்தக் கீரைய நாம திங்கிறோமே அக்கா?"

காலி வீட்டில் பறித்த கீரையை அவர்தான் வீட்டுக்கு ஒரு பிடியாகக் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுத்தார். நாங்களும் பேய்க்குப் பயந்துகொண்டே கடைந்து சாப்பிட்டோம்.

என் வீட்டுக்காரர் சிரிப்பார். கோபமே வராத மனுஷன். "கீரை எந்த வீட்டுல தொங்கினா என்னா? நம்ம சட்டிக்குத்தான வருது," என்பார். எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை. ஏனென்றால் வேலிக்காரர் அவிழ்த்துக்கொண்டு போனதில் என்னுடைய மஞ்சளும் இருந்தது.

அது ஒரு வேண்டுதல். கீரை இடம் மாறிய பிறகு அந்த வருஷம் லாரி இரண்டு தடவை எங்கள் லயத்துக்கு வந்தது. இரண்டு தடவையும் முதல் வீட்டில் ஏறி, இரண்டாவதில் ஏறி, கதவை உடைத்து, ஆள் வருவானென்று காத்துக்கிடந்தார்கள். அதற்குள் எங்கள் ஆம்பிளைகள் பின்வாசலில் இறங்கி வாய்க்காலைத் தாண்டி மலைக்காட்டுக்குள் போய்விட்டார்கள். மாரியம்மா காப்பாற்றினாள் என்று நான் தரையில் விழுந்து கும்பிட்டேன். வரும் தைப்பொங்கல் வரைக்கும் அவரை என்னோடு விட்டுவை தாயே, என் கையால் வளர்த்த மஞ்சளைப் பானையில் கட்டி என் வாசலில் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஒரு டின்னில் மஞ்சள் நட்டு, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டேன். அதைத்தான் பிறகு வேலிக்காரர் கொண்டுபோய் மூன்றாவது வீட்டில் மாட்டியிருந்தார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கையில் வேலிக்காரர் வீடு வீடாக வந்தார்.

"இந்தத் தடவை பொங்கல கோயில்ல வைங்க. எல்லாரும் சேர்ந்து ஒரே பானை."

கோயில் வாய்க்காலுக்கு அப்பால், காட்டோரமாக இருந்தது. யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்கொரு பானை வைக்க அரிசிக்கு எங்கே போவது?

"நான் வாசல்ல வைக்கிறதா வேண்டிக்கிட்டேன் அண்ணே," என்றேன்.

"கோயில்ல வை தங்கச்சி."

"ஏன், என் வாசல்ல வச்சா என்னா?"

அவர் மூன்று விரல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தது மாதிரி இருந்தது. என் முகத்தைப் பார்த்தார், அக்கா வீட்டுப் பக்கம் பார்த்தார். அக்காவும் நானும் கிராதியில் சாய்ந்தால் பொழுது போவது தெரியாமல் பேசுகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியும். உப்புக்கும் அரிசிக்கும் ஆளைக் காட்டிக்கொடுத்த காலம் அது.

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

இருக்கட்டுமா? எனக்குக் கொதித்தது. பொங்கலன்று காலையில் அவர் கோயிலுக்கு விறகு சுமந்து போன நேரம் பார்த்து, மூன்றாவது வீட்டுக்குப் போய் என் மஞ்சள் டின்னை அவிழ்த்தேன். அவர் முறுக்கிய கம்பி லேசில் வரவில்லை, விரல் கிழிந்தது. என் கிராதியின் நடுவில், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் மாட்டினேன். வேண்டுமென்றேதான். படிக்கு முன்னால் சாணி தெளித்துக் கோலம் போட்டேன். ஒரு கொத்து மஞ்சளைப் பிடுங்கிப் பானைக் கழுத்தில் கட்டினேன். நான்கு மாதமாகச் சேர்த்த அரிசி இரண்டு சிறங்கை, மிச்சத்துக்குப் பொடியாக நறுக்கிய மரவள்ளி. கோயிலுக்குக் கிளம்பிய என் வீட்டுக்காரரை, "பானை பொங்குறப்ப நீங்க நிக்கணும். பொங்கினதும் போங்க," என்று நிறுத்தி வைத்தேன். நான்தான் நிறுத்தி வைத்தேன்.

லாரி வந்தது. நாங்கள் பயப்படவில்லை, முதல் வீட்டில்தான் நிற்பார்கள், அதற்குள் ஓடிவிடலாம். முதல் வீட்டில் பச்சை இருந்தது, புகை இருந்தது, சாரம் காய்ந்துகொண்டிருந்தது. சிப்பாய்கள் வழக்கம்போல அங்கே ஏறப் போனார்கள். அவர்களோடு வந்த மண்டோர் தமிழன். அவன் எங்கள் வாசலைப் பார்த்தான். கோலத்தைப் பார்த்தான், பானையில் மஞ்சள் கட்டியிருப்பதைப் பார்த்தான். ஜப்பான்காரனுக்கு அது ஒரு பானை. பொங்கப் போகிற பானைக்குப் பக்கத்தில் அந்த வீட்டு ஆம்பிளை நிற்பான் என்று தமிழனுக்குத்தான் தெரியும். கையை நீட்டிக் காட்டினான். அவர்கள் நேராக எங்களிடம் ஓடிவந்தார்கள்.

பானை அப்போதுதான் பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார், பாதி சொன்னார். இடுப்பில் கட்டிய துண்டோடு ஏற்றினார்கள். சட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மம்பாவ் ஊருக்குப் போகும் வளைவு வரைக்கும் ஓடியிருப்பேன். சட்டை என் கையிலேயே இருந்தது.

அன்று மத்தியானம் படியில் கிடந்தேன். வேலிக்காரர் வந்தார். ஏன் வைத்தாய் என்று கேட்பார், சொன்னேனே என்று திட்டுவார், அழுதுவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் தன் வீட்டிலிருந்து ஒரு மூங்கில் தொட்டியைக் கொண்டுவந்து என் கிராதியில் மாட்டினார். போய் இன்னொன்று கொண்டுவந்தார். அடுத்து பசலை டின். இரண்டு சாணுக்கு ஒன்றாகக் கம்பியை முறுக்கிக் கட்டிக்கொண்டே போனார்.

"என் தாலி போச்சு, உனக்குக் கீரை கேக்குதா?" என்று கையில் கிடைத்த அகப்பையை அவர்மேல் எறிந்தேன். தோளில் பட்டது. துடைத்துக்கொண்டு அடுத்த தொட்டியை மாட்டினார்.

அப்போதுதான் வரிசையைப் பார்த்தேன். தினமும் பார்த்ததுதான். முதல் மூன்று வீடும் பச்சை, ஆள் இல்லை. வேலிக்காரர் வீட்டிலும் பச்சை, அவரை லாரி தொடாது. அக்கா வீடு மொட்டை. இரண்டு மகன்களும் காட்டிலிருந்து திரும்பி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வீடுகள் மொட்டை, ஆள் உண்டு. என் வீடு இவ்வளவு நாள் மொட்டையாக இருந்தது. இப்போது அவர் அதைப் பச்சையாக்கிக்கொண்டிருந்தார். ஆள் இருக்கிற வீடு செத்த வீடு மாதிரி இருக்க வேண்டும், செத்த வீடு ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்க வேண்டும். இரண்டு தடவை லாரியை முதல் வீட்டில் நிறுத்தி வைத்தது மாரியம்மா இல்லை.

"சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றேன்.

அவர் கம்பியை விட்டுவிட்டு நின்றார். சொல்லியிருந்தால் நான் அக்காவிடம் சொல்லியிருப்பேன். ஒரு நாள்கூடத் தாங்கியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அவரை நான் மன்னித்தேன் என்று சொன்னால் அது பொய். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்கிற நினைப்பு இன்றைக்கும் போகவில்லை. அவரைத் திட்டி முடித்தால் அடுத்தது என் பேர்தான் வரும், அதனால் அவரையே திட்டிக்கொண்டிருப்பேன்.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் அவர் தோட்டத்தை விட்டுப் போனார். எங்கே, ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால்தான் ஆச்சரியம். நான் இப்போது ராசா என்கிற ஊரில் என் தங்கை மகன் வீட்டில் இருக்கிறேன். மாடி வீடு, மண் கிடையாது. அவன் பால்கனிக் கம்பியில் வரிசையாகப் பிளாஸ்டிக் தொட்டி மாட்டியிருக்கிறான். "இடம் மிச்சம் பெரியம்மா, கீழ காலி, மேல தோட்டம்," என்கிறான். நல்ல பிள்ளை. வெண்டைகூடக் காய்க்கிறது. அவன் வேலைக்குப் போனதும் நான் எதிர்வீட்டு மாடிகளைப் பார்ப்பேன். பச்சையாக இருக்கிற கம்பியைக் கண்டால் இங்கே யார் போனது என்று மனசு கேட்கும். இவன் வீட்டுக் கம்பியும் பச்சைதான். சாயங்காலம் அவன் மோட்டார் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. இதையெல்லாம் அவனிடம் சொன்னதில்லை.

அவரைக் கொண்டுபோன அந்தப் பொங்கல் கழிந்து நாலைந்து மாதத்தில் இன்னொரு தடவை லாரி வந்தது. அதற்குள் என் கிராதியில்தான் லயத்திலேயே அடர்த்தியான பச்சை. தண்ணீர் நானே ஊற்றினேன். சாரமும் நானே நனைத்துப் போட்டேன். என் வீட்டுக்காரருடைய சாரம், கோடு போட்டது. தினமும் அதை அலசி விரிக்கும்போது வேலிக்காரர் என் பக்கம் திரும்ப மாட்டார்.

அன்று அக்காவின் இளைய மகனுக்கு மலேரியாக் காய்ச்சல். அண்ணன்காரன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வாய்க்காலைத் தாண்ட வேண்டும், நேரம் பிடிக்கும். வேறு சிப்பாய்கள், வேறு தோட்டத்து மண்டோர். முதல் மூன்று வீட்டையும் புரட்டிவிட்டு என் படியில் ஏறினார்கள்.

"ஆம்பள எங்க?" என்றான் மண்டோர், சாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு. ஈரமாக இருந்தது.

"மரவள்ளிக்குப் போயிருக்காரு," என்றேன். "இப்ப வந்துருவாரு."

"எப்ப?"

"இப்பத்தான். கஞ்சி குடிக்க வர நேரம்."

அவர்கள் படியில் உட்கார்ந்தார்கள். நான் அவித்த கிழங்கைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒரு சிப்பாய் பசலை இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தான். சின்னப் பையன் வயசு, கால் முழுக்கப் புண். மண்டோர் நடுநடுவே, "வரானா?" என்பான். "வந்துருவாரு," என்பேன். எல்லாரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் பார்த்தேன். முதலில் அவர்களுக்காகப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வளைவில் ஒரு தலை தெரியுமென்று நிஜமாகவே பார்க்கத் தொடங்கினேன். இடுப்பில் துண்டோடு வருவார், இவர்கள் இருக்கும்போது வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன்.

வெயில் ஏறியதும் காறித் துப்பிவிட்டு எழுந்து போனார்கள். லாரிச் சத்தம் அடங்கியது. அக்காவின் மகன்கள் இருவரும் காட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வேலிக்காரர் கீழே, கிராதிக்கு அந்தப் பக்கம், வாளியோடு நின்று அதுவரைக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமில்லை. அவர் யாரையும் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை. அன்று கேட்டார்.

"எப்படி தங்கச்சி, கொஞ்சங்கூட நாக்கு தடுமாறாம சொன்ன?"

"பொய் சொன்னாத்தான அண்ணே தடுமாறும்," என்றேன். "வந்துருவாருதான?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாளியைத் தூக்கி, ஊற்றி முடித்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்த அதே வரிசைக்கு, முதல் தொட்டியிலிருந்து மறுபடியும் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.